செங்கல்பட்டுக்காரனுக்குப் பனி டயர் எதற்கு?

"இந்த வருஷம் மலருக்கு என்ன எழுதப் போற?" என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். "பனிக்கால டயர் பத்தி" என்றேன். ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம் சிரிப்பு. "டேய், நம்ம ஊர்ல ஃபேன் இல்லாம ஒரு ராத்திரி தூங்கிக் காட்டு. அதுக்கப்புறம் பனியைப் பத்தி எழுது!" என்றான் ஒருவன்.

சிரித்தது நியாயம்தான். சென்னை நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி செல்சியஸ். அதுவும் நூறு வருஷத்துக்கு முந்திய சமாசாரம். செங்கல்பட்டில் மார்கழி மாசத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். ஆனால் குளத்துத் தண்ணீர் உறைந்து யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட ஊரில் பனி டயர் பற்றி ஒரு கட்டுரையா?

நண்பர்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நமக்கு முந்தின செட், அதற்கு முந்தின செட் அண்ணன்மார் எல்லாம் இப்போது எங்கே? கொஞ்சம் பேர் ஒரகடம், கொஞ்சம் பேர் ஸ்ரீபெரும்புதூர், கொஞ்சம் பேர் வளைகுடா. இப்போது புதிதாக ஜெர்மனி, கனடா, ஜப்பான் என்று கிளம்புகிறார்கள். நம்ம கிளாஸிலேயே சாயங்காலமானால் ஜெர்மன் மொழி வகுப்புக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். விசா வாங்கக் கற்றுக்கொடுக்கிறார்கள், பேசக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஃபாரம் 4ஏ எழுதிக் கொடுத்தால் ஒரு வருஷத்துக்கு இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டும் கிடைக்கும். ஆனால் அந்த ஊர் ரோட்டில் நம்ம ஊர் டயர் என்ன ஆகும் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. இந்த விஷயம் என் வீட்டுக்குள்ளேயே ஒரு பிரச்சினையாக வந்ததால்தான் எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்கிறேன்.

என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன். நம்மைப் போல டிப்ளமோதான், மெக்கானிக்கல். மொழி கற்க, விசா வாங்க, டிக்கெட் எடுக்க எல்லாம் கடன் வாங்கி, ஒரு செப்டம்பர் மாசம் தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊருக்கு மெயின்டனன்ஸ் வேலைக்குப் போனார். பெரியம்மா இல்லாததால் அவரை வளர்த்ததெல்லாம் எங்க அம்மாதான். எனக்கும் அவருக்கும் வித்தியாசம் பார்த்ததில்லை.

காலை ஷிஃப்ட் ஐந்தரை மணிக்கு. முதல் பஸ் ஆறு மணிக்கு மேல்தான். வீட்டிலிருந்து தொழிற்சாலை 18 கிலோமீட்டர், மேடும் பள்ளமுமான ரோடு. அதனால் கூட வேலை செய்கிறவரிடம் ஒரு பழைய கார் வாங்கினார். கார் நல்ல கார். டயர்தான் கோடைக்கால டயர். "நவம்பருக்குள்ள டயர் மாத்திடு" என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். கடையில் விலை கேட்டால் நான்கு டயர், மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 440 யூரோ. நம்ம காசுக்கு நாற்பதாயிரத்துக்கு மேலே. அவர் அப்போது மாசாமாசம் வீட்டுக்கு அனுப்பிய பணமே ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் பேசினார். "டேய் தம்பி, நான் மெதுவா ஓட்டிக்கிறேன்டா. டயர்ல பட்டன் நல்லாத்தான் இருக்கு. இந்த ஒரு வருஷம் சமாளிச்சுட்டா அடுத்த வருஷம் பாத்துக்கலாம். நீ என்ன சொல்ற? நீதானே ஆட்டோமொபைல் படிக்கிற?"

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஒரு டயர் கடையில் கைவேலை பார்க்கிறவன். "இன்னும் ரெண்டு மாசம் ஓடுமாப்பா?" என்று கேட்காத கஸ்டமரே கிடையாது. எங்க முதலாளியும் பட்டனைத் தடவிப் பார்த்துவிட்டு ஏதாவது சொல்லி அனுப்புவார். ஆனால் அண்ணன் கேட்ட கேள்விக்குத் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. பட்டன் நன்றாக இருந்தும் டயர் பிடிக்காமல் போகுமா? அதுதான் கேள்வி. "ரெண்டு நாள் டைம் குடுங்கண்ணே" என்றேன்.

முதலில் எனக்கு ஞாபகம் வந்தது மகாபலிபுரத்தில் டூரிஸ்ட் கார் ஓட்டும் எங்க மாமா. முப்பது வருஷமாக வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு கடற்கரைக் கோயிலுக்கும் காஞ்சிபுரத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் போய் வருகிறவர். கேட்டதும் சொன்னார்: "அதாடா? ஓவுலேர்ந்து ஓவு. ஒரு ஜெர்மன்காரர் சொன்னாரு. அக்டோபர்லேர்ந்து ஈஸ்டர் வரைக்கும் பனி டயராம். அவங்க பாஷையில ரெண்டுமே ஓவுலதான் ஆரம்பிக்குதாம். வீட்ல ரெண்டு செட்டு டயர் வெச்சிருப்பாங்களாம். வெக்க எடம் இல்லன்னா டயருக்குன்னே ஹோட்டல் இருக்குதாம்டா! வாடகை குடுத்து அங்க வெச்சுட்டு வந்துடுவாங்களாம்."

டயருக்கு ஹோட்டல்! மாமா கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். அண்ணனிடம் கேட்டேன், உண்மைதான். கடைக்காரர்களே கழற்றிய டயரைப் பெயர் எழுதி அடுக்கி வைத்து, அடுத்த பருவத்துக்கு எடுத்து மாட்டிக் கொடுக்கிறார்கள். அதற்குப் பெயரே அவர்கள் மொழியில் டயர் ஹோட்டல்தான். வேடிக்கை என்னவென்றால், நவம்பர் முதல் மார்ச் வரை அவர்கள் ஊரில் பனி டயர் ஓடும் மாதங்கள்தான் மாமல்லபுரத்தில் நமக்கு சீசன். பனி டயர் மாட்டின காரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, இங்கே வந்து பனியனோடு இளநீர் குடிக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். தேடத் தேடத் தலை சுற்றியது. ஊருக்கு ஊர் வேறு சட்டம்!

ஜெர்மனியில் தேதி கிடையாது. 2010 டிசம்பரில் திருத்திய விதிப்படி, ரோட்டில் பனியோ பனிக்கட்டியோ பனிச்சேறோ உறைபனி வழுக்கலோ இருந்தால் பனி டயர் இல்லாமல் ஓட்டக் கூடாது. மீறினால் 60 யூரோ அபராதம், லைசென்ஸில் ஒரு புள்ளி. போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்தால் 80. பனி டயர் என்றால் எது? டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனிப்பூ. அந்த முத்திரை இருக்க வேண்டும். பனித் தரையில் சோதித்துத் தேறின டயருக்குத்தான் அது கிடைக்கும். முன்பெல்லாம் 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்து இருந்தாலே போதும் என்று விட்டிருந்தார்கள். சேற்றுக்கும் பனிக்கும் என்று அதற்கு அர்த்தம். ஆனால் அதைப் போட்டுக்கொள்ள எந்தப் பரீட்சையும் வேண்டாம், கம்பெனிக்காரர் தானே போட்டுக்கொள்ளலாம். 2024 அக்டோபர் 1 முதல் ஜெர்மனியில் அந்த எழுத்து மட்டும் இருந்தால் செல்லாது. நம்ம ஊரில் ஓடும் எஸ்.யூ.வி. வண்டிகளின் டயரில் குனிந்து பாருங்கள், நிறைய டயரில் இந்த எம் பிளஸ் எஸ் இருக்கும். அதை நம்பி ஆல்ப்ஸ் மலை ஏற முடியாது!

பக்கத்து நாடு ஆஸ்திரியா. அங்கே நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை கணக்கு. அந்தக் காலத்தில் ரோடு பனிக்கோலமாக இருந்தால் பனி டயர் கட்டாயம். அதோடு பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஜெர்மனியில் சட்டப்படி 1.6 போதும். அதாவது 3 மில்லிமீட்டர் பட்டன் உள்ள டயரோடு மியூனிக்கிலிருந்து புறப்பட்டால், சால்ஸ்பர்க் எல்லை வரைக்கும் அது பனி டயர். எல்லையைத் தாண்டினதும் அதே டயர் சட்டத்தின் கண்ணில் பனி டயரே இல்லை.

நம்ம ஈழத் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் சுவிட்சர்லாந்தில் பொதுவான கட்டாயமே கிடையாது. ஆனால் கோடை டயரோடு போய்ப் பனியில் சிக்கி ரோட்டை அடைத்தால் ஓட்டினவர்தான் பொறுப்பு. ஸ்வீடனில் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, பனி இருந்தால், 3 மில்லிமீட்டர் ஆழத்தோடு பனி டயர் வேண்டும். இங்கிலாந்தில் கட்டாயமே இல்லை.

கனடாவில் இன்னும் வேடிக்கை. ஒரே நாடு, மாகாணத்துக்கு மாகாணம் வேறு. கியூபெக்கில் பதிவான கார் என்றால் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலை-பனிப்பூ முத்திரை டயர் கட்டாயம். 2008ல் டிசம்பர் 15 முதல் என்று கொண்டுவந்ததை 2019ல் டிசம்பர் 1 என்று முன்னுக்கு இழுத்தார்கள். அபராதம் 200 முதல் 300 டாலர். பக்கத்திலேயே ஒன்டாரியோ, நம்மவர்கள் நிறைந்த ஸ்கார்பரோ இருக்கிற மாகாணம். அங்கே கட்டாயம் இல்லை. பனி டயர் மாட்டினால் இன்சூரன்ஸ் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்று மட்டும் 2016லிருந்து விதி. மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப்பாதைகளில் அந்த எம் பிளஸ் எஸ் எழுத்தே போதும், 3.5 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால்.

ஆணி அடித்த டயர் என்று ஒன்று இருக்கிறது. பனிக்கட்டியைக் குத்திப் பிடிப்பதற்காக. பின்லாந்திலும் நார்வேயிலும் ஓட்டலாம், ஆனால் ஆஸ்லோ போன்ற சில நகரங்களுக்குள் அதற்குத் தனிக் கட்டணம். ஜெர்மனியில் தடை. ஜப்பானில் அந்த ஆணி ரோட்டைச் சுரண்டித் தூசியைக் கிளப்புகிறது, ஜனங்கள் மூச்சு விட முடியவில்லை என்று 1990ல் சட்டம் போட்டே நிறுத்தினார்கள்.

இத்தனையும் நோட்டில் எழுதிவிட்டுப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. இதைப் படிக்கிற ஒருவன் "எந்த நாட்டில் அபராதம் இல்லை?" என்றுதான் முதலில் தேடுவான். நம்ம ஊரில் ஹெல்மெட்டை பெட்ரோல் டாங்க் மேல் வைத்துக்கொண்டு போய், போலீஸைப் பார்த்ததும் தலையில் மாட்டுகிற மாதிரி. சட்டம் எல்லைக்கு எல்லை மாறும். ரப்பரின் குணம் மாறுமா? ஸ்கார்பரோவில் ஒரு மாதிரி, மான்ட்ரியலில் ஒரு மாதிரி அது உறையப் போவதில்லை. எனவே சட்டத்தை விட்டுவிட்டு ரப்பரைப் பார்த்தேன்.

டயர் ரோட்டைப் பிடிப்பது எப்படி? ரோட்டில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் இருக்கின்றன. ரப்பர் மிருதுவாக இருப்பதால் அவற்றுக்குள் நெளிந்து இறங்கிப் பிடிக்கிறது. குளிரக் குளிர ரப்பர் விறைக்கும். விறைத்தால் நெளியாது, நெளியாவிட்டால் பிடிக்காது. ரொம்பக் குளிர்ந்தால் ஒரு வெப்பநிலையில் ரப்பர் கண்ணாடி போலவே ஆகிவிடும். இயற்கை ரப்பருக்கு அது சுமார் மைனஸ் 70 டிகிரி. அவ்வளவு குளிர் எங்கே வரப் போகிறது என்று கேட்கலாம். அந்த நிலைக்கு ரொம்ப முன்னாலேயே விறைப்பு தொடங்கிவிடும் என்பதுதான் சிக்கல். கோடை டயர் வெயிலில் உருகி இழையாமல் உறுதியாக நிற்க வேண்டும் என்று அதற்கேற்ற கலவையில் செய்யப்பட்டது. சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் அதன் பிடிப்பு குறையத் தொடங்குகிறது என்பது தொழிலில் சொல்லும் பொதுவான கணக்கு. பனி டயரில் குளிரிலும் மிருதுவாக இருக்கும் ரப்பர் வகைகளும் சிலிக்காவும் சேர்த்திருப்பார்கள். பட்டன் மேல் பிளேடால் கீறின மாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் இருக்கும். சக்கரம் உருளும்போது அவை வாய் திறந்து பனியைக் கவ்வும். சைப் என்று பெயர். பனி டயரை வெயிலில் ஓட்டினால் மிருதுவான அந்தப் பட்டன் சீக்கிரம் தேய்ந்துபோகும். எனவே அதை நம்ம ஊருக்குக் கொண்டுவந்தாலும் பிரயோஜனமில்லை.

ரப்பர் குளிரில் விறைத்தால் என்ன பெரிதாக ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். காரணம் ராக்கெட் இணைப்பில் இருந்த ஒரு ரப்பர் வளையம். அந்தக் காலைக் குளிரில் விறைத்து, இடைவெளியை அடைக்க வேண்டிய நேரத்தில் அடைக்கவில்லை. விசாரணையில் ரிச்சர்ட் ஃபைன்மன் என்ற விஞ்ஞானி அந்த ரப்பர்த் துண்டை ஒரு கிளாஸ் ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, எல்லோர் முன்னாலும் காட்டினார். நசுக்கின ரப்பர் பழைய வடிவத்துக்குச் சட்டென்று திரும்பவில்லை.

உலகத்தில் முதல் பனி டயரைச் செய்தவர்கள் பின்லாந்துக்காரர்கள். 1934ல் லாரிக்கு, 1936ல் காருக்கு. அந்த ரப்பர் கம்பெனிதான் பிறகு நோக்கியாவோடு சேர்ந்தது. நம்ம அப்பாக்கள் வைத்திருந்த செங்கல் மாதிரி நோக்கியா போனுக்கும் பனி டயருக்கும் சொந்தம் உண்டு!

அடுத்து கணக்கு. முதல் வருஷம் படித்த அதே ஃபார்முலாதான்: நிற்கும் தூரம் என்பது வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் குணகம், புவியீர்ப்பு முடுக்கம் இரண்டோடும் 2ஐப் பெருக்கி வருவதால் வகுத்தால் கிடைப்பது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த தார் ரோட்டில் குணகம் 0.7 என்றால் 14 மீட்டரில் நிற்கும். இறுகின பனியில் பனி டயருக்கு 0.3, கோடை டயருக்கு 0.2 என்று வைத்துப் பார்த்தேன். பனி டயர் 33 மீட்டர், கோடை டயர் 49 மீட்டர். நாலு பஸ்ஸை வரிசையாக நிறுத்தின தூரம்! இதில் பிரேக் போடலாம் என்று மூளை முடிவெடுக்கிற நேரம் சேராது.

ஆனால் என்னை உலுக்கினது அடுத்த வரி. பனி டயர் கார் முழுசாக நின்றுவிட்ட அந்த 33ஆவது மீட்டரில், கோடை டயர் கார் என்ன வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்? போட்டுப் பார்த்தேன். மணிக்கு 29 கிலோமீட்டர். ஒருவர் நிற்கிற இடத்தில் இன்னொருவர் போய் இடிக்கிறார். வெறும் பனிக்கட்டி என்றால் குணகம் 0.1 என்று வைத்தாலும் 98 மீட்டர் ஆகிறது. அங்கே எந்த டயரும் பெரிதாக உதவாது, வேகம் குறைப்பதுதான் வழி. இன்னொரு தகவலும் தெரிந்துகொண்டேன். கடுங்குளிரில் இருக்கும் பனிக்கட்டியைவிட, பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் மேலே லேசாக ஈரம் படிந்த பனிக்கட்டிதான் அதிகம் வழுக்கும். அதனால் பனிக்காலத்தின் நடுவைவிட ஆரம்பமும் முடிவும் ஏமாற்றும்.

காற்றழுத்தமும் விளையாடும். 30 டிகிரியில் 32 பி.எஸ்.ஐ. பிடித்த டயர், மைனஸ் 5 டிகிரியில் 27க்குக் கீழே இறங்கிவிடும். பஞ்சர் இல்லை, லீக் இல்லை. வாயு விதிதான் காரணம்.

இதையெல்லாம் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கம் எழுதி, படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. ஒரு நாள், ரெண்டு நாள். மூன்றாம் நாள் பேசினார்.

"கணக்கு சரிதான்டா. முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கு மட்டும் வாங்கிப் போட்டுட்டா? அதுலதானே இழுக்குது? பாதி காசுல முடிஞ்சிடும்."

"கிளம்பறதுக்கு சரிண்ணே. வளைவுல பிரேக் போட்டா முன்னாடி பிடிக்கும், பின்னாடி பிடிக்காது. வண்டி வால் சுத்திடும். அதோட உங்க ஊர் சட்டமும் நாலு சக்கரத்துக்கும்தான் சொல்லுது."

"அது சரி... ஆனா இந்த மாசம் வட்டி கட்டணும்டா."

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா போனை வாங்கினார். அம்மாவுக்கு உராய்வுக் குணகமும் தெரியாது, ஜெர்மனியும் தெரியாது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "யப்பா, விடியக்காலம் அந்த ரோட்ல உனக்கு எதுக்கால வண்டி வருமா?"

"வரும்மா. லாரியெல்லாம் வரும்."

"அப்ப வாங்கிடு. சீட்டு அடுத்த வாரம் ஏலம், நான் எடுத்து வட்டியைக் கட்டிக்கிறேன். நீ ஒரு மாசம் பணம் அனுப்பலேன்னா இங்க யாரும் பட்டினி கெடக்க மாட்டோம்."

அவ்வளவுதான். நான் ரெண்டு நாள் போட்ட கணக்கை அம்மா ஒரு கேள்வியில் முடித்துவிட்டார்.

அண்ணன் நவம்பர் முதல் வாரத்தில் நான்கு டயரும் மாற்றினார். டிசம்பரில் முதல் பனி விழுந்த அன்று, கடை மூடியிருந்த ஒரு பெரிய கார் நிறுத்துமிடத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்துப் பழகி, அந்த வீடியோவை அனுப்பினார். "ஏ.பி.எஸ். காலுக்கடியில கடகடன்னு அடிக்குதுடா. நிக்க நேரம் ஆவுது. ஆனா நிக்குது, நேரா நிக்குது. நம்ம ஊர் மாதிரி முன்னாடி வண்டிய ஒட்டிக்கினு போனா அவ்ளோதான்" என்றார். அந்த வாரம் அவர் போகிற ரோட்டில் ரெண்டு கார் பள்ளத்தில் கிடந்ததாம். அதில் என்ன டயர் என்று அவர் இறங்கிப் பார்க்கவில்லை. விபத்து என்றால் அங்கே இன்சூரன்ஸ்காரர் டயரையும் பார்ப்பாராம். பனியில் கோடை டயர் என்றால் கிடைக்க வேண்டிய தொகை குறையவும் வாய்ப்பு உண்டாம்.

இதில் நமக்கு என்ன என்று கேட்டால், ரெண்டு விஷயம் சொல்வேன்.

ஒன்று, நம்ம வேலையே இதுதான். 2018 முதல் அமெரிக்காவில் விற்ற ஃபோர்டு ஈகோஸ்போர்ட் கார்கள் நம்ம மறைமலைநகரில் செய்து கப்பலேறினவை. 2022ல் அந்த உற்பத்தி நின்றது. பக்கத்து ஒரகடத்தில் 2010லிருந்து அப்போல்லோ டயர் ஆலை இருக்கிறது. அந்த நிறுவனம் 2009ல் வாங்கிய நெதர்லாந்தின் விரெடெஸ்டைன், ஐரோப்பாவில் பனி டயர் விற்கிற பழைய பெயர். பனியையே பார்க்காத கைகள் பனியில் ஓடப் போகிற வண்டிக்கு நட்டு முடுக்குகின்றன. நாளைக்கு லைனில் நிற்கப் போகிற நமக்கு, ஒரு பொருள் எந்த வெப்பநிலையில் எப்படி நடந்துகொள்ளும் என்ற அறிவு வேண்டாமா?

இரண்டு, பனி ஜெர்மனியில் மட்டும் இல்லை. 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு மணாலி தாண்டிப் போகிற கூட்டம் அதிகம். 2024 டிசம்பர் கடைசியில் சோலாங்குக்கும் அந்தச் சுரங்கத்துக்கும் நடுவே பனியில் நூற்றுக்கணக்கான வண்டிகள் ராத்திரியில் சிக்கிக்கொண்டன. நம்ம நாட்டில் பனி டயர் கட்டாயம் என்று பொதுச் சட்டம் கிடையாது. பனி விழுந்தால் போலீஸார் ஃபோர் வீல் டிரைவ் வண்டியையும் சக்கரத்தில் சங்கிலி மாட்டின வண்டியையும் மட்டும் மேலே விடுவார்கள். நம்ம நாமக்கல் லாரிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. அந்த டிரைவர்களைக் கேட்டால் பனியைப் பற்றி நமக்கு வகுப்பே எடுப்பார்கள்.

நம்ம கடற்கரைக்கும் ஒரு குளிர்காலம் உண்டு, மழையாக வரும். 2022 டிசம்பர் 9ஆம் தேதி ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம்தான் கரையைக் கடந்தது. அந்த மாதிரி நாட்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தண்ணீர் ஒரு பக்கம், மணல் ஒரு பக்கம், சவுக்கு இலை ஒரு பக்கம். பட்டனுக்கு நடுவில் உள்ள பள்ளம் தண்ணீரை வெளியே தள்ள வேண்டும். பள்ளம் இல்லாவிட்டால் டயர் தண்ணீர் மேல் மிதக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. காருக்கு 1.6 மில்லிமீட்டர் என்பது சட்டம் வைத்த கடைசிக் கோடு. அது வரைக்கும் பத்திரம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

வெளிநாடு கிளம்பும் நண்பர்களே, பெட்டியில் ஊறுகாய் வைக்கும்போது இதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கார் வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும் குனிந்து பக்கவாட்டில் மலையும் பனிப்பூவும் இருக்கிறதா பாருங்கள். நான்கு சக்கரத்திலும் பாருங்கள். எல்லை தாண்டுவதாக இருந்தால் அந்த நாட்டு விதியை முதல் நாளே கேளுங்கள். பட்டன் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால், சட்டம் என்ன சொன்னாலும் பனிக்கு அதை நம்பாதீர்கள். டயர் காசை முதல் சம்பளத்திலேயே ஒதுக்குங்கள். வீட்டில் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

இங்கேயே இருக்கிற நண்பர்களுக்கு ஒரு சின்ன வேலை. இன்று சாயங்காலம் ஸ்டாண்டில் வண்டி எடுக்கும்போது டயர் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு எண் தேடுங்கள். 4823 என்றிருந்தால் 2023ஆம் வருஷம் 48ஆவது வாரம் பிறந்த டயர். அப்படியே பட்டன் பள்ளத்துக்குள் குறுக்கே ஒரு சின்ன மேடு தெரியும். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்திருந்தால் டயரின் ஆயுள் முடிந்தது. "இன்னும் ரெண்டு மாசம் ஓடுமா?" என்று என்னிடம் கேட்க வந்துவிடாதீர்கள். எதிரே வண்டி வருமா என்று கேட்டுப் பாருங்கள்.

- இறுதியாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு